எல்லை வீதிக்கு இரண்டு பக்கமும்: பக்கத்து ஊராரோடு கூடியிருந்து கதைப்பதற்கு ஒரு கைநூல்

இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம் ஊரான காத்தான்குடி எங்கே முடிகிறது, தமிழ் ஊரான ஆரையம்பதி எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும், மருதமுனையும் பெரியநீலாவணையும், ஏறாவூரும் செங்கலடியும் அப்படியே. ஆனால் அங்கே பிறந்த எட்டு வயதுப் பிள்ளை அந்த எல்லையைக் கையால் காட்டும். சந்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் இரண்டு ஊராரும் தினமும் முகம் பார்க்கிறார்கள், விலை பேசுகிறார்கள். அதற்கு மேலே பேச்சுப் போவதில்லை. ஒரு பிரச்சினை வருகிற நாளில் அங்கே யாரைக் கூப்பிடுவது என்று இங்கே ஒருவருக்கும் தெரிவதில்லை.

மாதர் சங்கச் செயலாளர், விவசாய அமைப்பின் தலைவர், பாடசாலை ஆசிரியர், விளையாட்டுக் கழகப் பொடியன்கள் என்று, அந்த நிலையை மாற்றப் பார்க்கிற யாருக்கும் இது உதவும். ஊருக்குப் பன்னிரண்டு பேர், மொத்தம் 24 பேர், மூன்று கூட்டம், ஒரு வேலை. இதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். 24 பேருக்கு மேலே போனால் பேசுகிறவர்கள் ஐந்து பேராகவும், மிச்சப்பேர் பார்வையாளராகவும் ஆகிவிடுவார்கள்.

முதலில் விஷயத்தைத் தேடுங்கள்

'நல்லிணக்கம்', 'சகவாழ்வு' என்று பதாகை கட்டினால் சனம் வரும். போக்குவரத்துக் காசு வாங்கி, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டு, கையெழுத்து வைத்துவிட்டுப் போகும். இருபது வருசமாக இந்தக் கரையில் இப்படியான 'வேர்க்‌ஷொப்' எத்தனையோ நடந்துவிட்டன. அந்தச் சொற்களில் தப்பில்லை, தேய்ந்துவிட்டன, அவ்வளவுதான். ஆகவே பதாகையை விடுங்கள். இரண்டு ஊருக்கும் பொதுவாக வலிக்கிற ஒரு சின்ன விஷயத்தைத் தேடுங்கள். எல்லை வீதியில் அடைபட்டுக் கிடக்கும் வடிகான், இருட்டாகக் கிடக்கும் சந்தி, ஆற்றங்கரையில் கொட்டப்படும் குப்பை, வயலுக்குள் இறங்கும் மாடு, பிள்ளைகள் வகுப்பு முடிந்து வருகிற வழி.

விஷயம் சரியானதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். இரண்டு பக்கத்துக்கும் அதனால் நட்டம் இருக்கிறதா? மூன்று மாதத்துக்குள் கண்ணால் பார்க்கிறமாதிரி முடிக்க முடியுமா? ஒரு பக்கம் மட்டுமே குற்றவாளி என்று வராமல் இருக்குமா? காணி எல்லை, கோயில் காணி, மையவாடி, பிரதேச செயலகப் பிரிப்பு போன்றவை மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடும். அவை தேவையில்லாதவை என்று நாம் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத 24 பேர் முதல் நாளில் தூக்குகிற பாரம் அதுவல்ல.

இப்படிச் சின்னதில் தொடங்கியதற்கு நம்முடைய மண்ணிலேயே உதாரணம் உண்டு. சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்து நீர் பாயும் கல்லோயா இடதுகரையில் 1981 இல் அமைப்பாளர்களைக் கிராமங்களிலேயே குடியிருத்தி விவசாயிகளைச் சேர்க்கும் வேலை தொடங்கியது. மேல்முனையில் சிங்கள விவசாயிகள், கடைமுனையில் தமிழ் விவசாயிகள். குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த போகம் அது. அமைப்பாளர்கள் சங்கம் பதியச் சொல்லித் தொடங்கவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்துப் பதினைந்து பேரை மட்டும் சேர்த்து, முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்கி, பிறகு முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த தண்ணீர் கீழே கடைமுனைக்குப் போனது. தலைவர், பொருளாளர் எல்லாம் பிறகுதான் வந்தார்கள். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வீடு வீடாகப் போதல்

மொத்த வேலையில் பாதி இதுதான். அவசரக்காரர்கள் இதை விட்டுவிட்டு மண்டபம் பிடிக்க ஓடுவதால்தான் கூட்டங்கள் குழம்புகின்றன.

ஊருக்கு ஒருவராக இரண்டு அமைப்பாளர்கள் வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தே எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். தமிழ் வீட்டுக்குத் தமிழ் ஆளும் முஸ்லிம் வீட்டுக்கு முஸ்லிம் ஆளுமாகப் பிரிந்து போனால் வேலை கெதியாக முடியும், ஆனால் பயன் போய்விடும். அந்த இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவதை வேலிக்கு மேலால் பார்க்கிற அயலவர்தான் உங்கள் முதல் அறிவித்தல். பெண்களைச் சேர்க்கப் பெண் அமைப்பாளர் சோடி ஒன்று வேறாக வேண்டும். கணவர் வீட்டில் இல்லாத நேரம் ஆண்கள் இருவர் வாசலில் நிற்பது எந்த ஊரிலும் சரிவராது.

ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம், ஒரு நாளைக்கு மூன்று வீடு. 24 பேரைத் தெரிவதற்கு முப்பது வீடாவது ஏற வேண்டும், ஆக இரண்டு கிழமை பிடிக்கும். படலையில் நின்று கூப்பிடுங்கள், செருப்பைக் கழற்றுங்கள். தமிழர் முஸ்லிம் வீட்டில் 'வணக்கம்' என்பதும் முஸ்லிம்கள் தமிழ் வீட்டில் 'எப்படி சுகம்' என்பதும் போதும். பழக்கமில்லாத சலாத்தை வலிந்து சொல்லித் தடுமாறத் தேவையில்லை. பெண்களிடம் கையை நீட்டாமல் நெஞ்சில் வைத்துத் தலையசையுங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். 'இப்பதான் குடிச்சிட்டு வந்தன்' என்று மற்ற ஊரார் மறுத்தால் அதை வேறு அர்த்தத்தில்தான் எடுப்பார்கள். விரதமென்றால் விரதமென்றும் நோன்பென்றால் நோன்பென்றும் காரணத்தைச் சொல்லிவிட்டால் ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள். வட்டாவில் வெற்றிலை வைத்தால் ஒன்றை எடுங்கள், போடாவிட்டாலும் பரவாயில்லை.

வடிகானை விஷயமாக எடுத்தால், கேட்க வேண்டியவை நான்கே. இந்த வடிகானால் உங்களுக்கு என்ன கரைச்சல்? அந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஆள் யார்? எந்த நாளில் உங்களால் வர ஏலாது? எதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலைத் தாளில் எழுதாமல் மனதில் வையுங்கள். வீட்டுக்குள் பேனையும் கொப்பியும் எடுத்தால் பேச்சு நின்றுவிடும். பெயர் எழுதப்பட்டு என்னென்னவோ நடந்ததை இந்த மாவட்டங்கள் இன்னும் மறக்கவில்லை.

பன்னிரண்டு பேரைத் தெரியும்போது ஐந்து பேராவது பெண்களாகவும், மூன்று பேராவது 25 வயதுக்குக் கீழும் இருக்கட்டும். தமிழ் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பங்கள் இருக்கும் ஒழுங்கையை 'அங்கிட்டு ஆரும் வரமாட்டாங்க' என்று மற்றவர்கள் சொல்லித் தாண்டிவிடுவார்கள். அங்கே நீங்களே போங்கள், அதுவும் முதல் மூன்று நாளைக்குள். கடைசியில் போனால், 'எண்ணிக்கைக்குக் கூப்பிடுறாங்க' என்பது அவர்களுக்கு விளங்கும். முஸ்லிம் ஊரில் வெவ்வேறு ஜமாஅத்தை (மார்க்கக் குழுவை) சேர்ந்தவர்கள் ஒரே கூட்டத்துக்கு வருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரோடு பேசுவதைவிடச் சொந்த ஊருக்குள் பேசுவது கடினமான இடங்களும் உண்டு.

ஆலய பரிபாலன சபைக்கும் கோயில் பொறுப்பாளரான வண்ணக்கருக்கும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கும், இரண்டு கிராம உத்தியோகத்தர்களுக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். அனுமதி கேட்கிற தோரணை வேண்டாம், தகவல் சொல்கிற மரியாதை போதும். மேடையும் மாலையும் பொன்னாடையும் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தலைவர்களைக் கௌரவிக்கிற கூட்டத்தில் முதல் ஒரு மணித்தியாலம் அவர்களுக்கே போய்விடும்.

நாளும் நேரமும்

சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து 11.30 வரை பெரும்பாலும் பொருந்தும். வெள்ளியில் ஜும்ஆத் தொழுகை, ஞாயிறில் தேவாலயமும் அறநெறி வகுப்பும். பகல் 12 மணியை ஒட்டி லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடும் என்பதால் 11.30க்கு எழும்புவது எல்லாருக்கும் நல்லது. பிந்திவிட்டால் தொழுவதற்கு ஒரு அறையும், வுழு செய்ய (தொழுமுன் கைகால் முகம் கழுவ) குழாயும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 'போயிட்டு வாங்க' என்று சொல்வதும் 'அந்தா பாய் விரிச்சிரிக்கி' என்று காட்டுவதும் ஒன்றல்ல.

பெரும்போக விதைப்பு நடக்கும் ஒக்டோபர், நவம்பரும், அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சும் கூடாது. நோன்பு மாதம் ஒவ்வொரு வருசமும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னுக்கு வரும், கலண்டரைப் பாருங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, அதன் பிறகு கதிர்காமப் பாதயாத்திரை, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம். இடையில் நடமாட இடமில்லாததுபோலத் தோன்றும். வீட்டுக்கு வீடு கேட்ட மூன்றாவது கேள்வி கைகொடுப்பது இங்கேதான்.

சனம் கூட்டமாக உயிரிழந்த சில திகதிகளை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஆகஸ்ட் 11 இரவும் 12 உம் ஏறாவூர், அதே 12 வீரமுனை, செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான். 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். டிசம்பர் 26 கரையோரம் முழுக்க சுனாமியின் நாள். இவை வெளியில் தெரிந்தவை. ஒவ்வொரு ஊருக்கும் வெளியில் தெரியாத ஒரு நாள் இருக்கும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோயில் மண்டபமும் பள்ளிவாசல் மண்டபமும் முதல் கூட்டத்துக்கு வேண்டாம். கமநல சேவை நிலையம், பலநோக்கு மண்டபம், நூலகம் என்று எது எல்லைக்குக் கிட்ட இருக்கிறதோ அது. இரண்டாவது கூட்டம் ஓர் ஊரின் பாடசாலையில், மூன்றாவது மற்ற ஊரின் பாடசாலையில்.

கௌபி

சாப்பாட்டில் குழம்பிய கூட்டங்கள் பேச்சில் குழம்பியவற்றைவிட அதிகம். இறைச்சி என்றால் ஹலாலா என்ற கேள்வி வரும், மாட்டிறைச்சி என்றால் இந்துக்கள் எழும்புவார்கள், கோழி என்றாலும் சனிக்கிழமை மரக்கறிக்காரர் இருப்பார். கடையில் றோல்ஸ் வாங்கினால் எந்தக் கடை என்பது பேச்சாகும். தனித்தனிப் பார்சல் கொடுத்தால் எல்லாருடைய பிரச்சினையும் தீர்ந்ததுபோல இருக்கும், ஆனால் சனம் பார்சலோடு தங்கள் தங்கள் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்கவே இயலாது.

அவித்த கௌபி (தட்டைப்பயறு) இதற்கெல்லாம் விடை. 24 பேருக்கு இரண்டு கிலோ கௌபி, மூன்று தேங்காய். முதல் நாள் இரவு ஊறப்போட்டு, காலையில் உப்பிட்டு அவித்து, வடித்து, தேங்காய்ப்பூ போட்டுக் கிளற வேண்டும். கட்டச்சம்பல் வேறாக இருக்கட்டும், மாசிக் கருவாடு போடாமல். பிளேன்டிக்குச் சீனியை வேறாக வையுங்கள், நீரிழிவுக்காரர் இரண்டு ஊரிலும் நிறைய. ஒரு ஊரார் கௌபியை அவித்தால் மற்ற ஊரார் தேத்தண்ணி போட வேண்டும், இடத்திலேயே, எல்லாருக்கும் தெரிய. எந்தப் பானையில் என்ன சமைத்ததோ என்ற சந்தேகத்துக்கு அப்போது இடமில்லை.

கொடுக்கிற ஒழுங்கும் முக்கியம். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை. வாசலுக்குக் கிட்ட இருக்கிறவரிலிருந்து கதிரை வரிசைப்படி கொடுத்துக்கொண்டே போங்கள். 'ஐயாக்கு முதல்ல குடு' என்று ஒரு குரல் வரும். சிரித்துவிட்டு வரிசையில் தொடருங்கள். யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில், யாருக்கு வேறு கோப்பை என்று காலம் காலமாகப் பார்த்தே பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

முதல் அரை மணி

கதிரைகளை ஒரு வட்டத்தின் இரண்டு அரைகளாகப் போடுங்கள். ஊர்வாரியாகப் பிரிக்காமல், பெண்கள் ஓர் அரை, ஆண்கள் ஓர் அரை. பெண்கள் தங்களுக்குள்ளே இரு ஊரும் கலந்து இருப்பார்கள். ஆண் பெண் மாறிமாறி இருத்தும் பயிற்சி முறையைக் கொண்டுவந்தால் பாதிப்பேர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

'உங்களை அறிமுகப்படுத்துங்கள்' என்று சுற்றிவரக் கேட்டால் பதவிகள்தான் வரும். சோடியாக விடுங்கள், இந்த ஊரில் ஒருவர், அந்த ஊரில் ஒருவர், பத்து நிமிடம். பேசுவதற்குக் கொடுக்க ஏற்ற கேள்வி, 'உங்கட வீட்டில மகளுக்கு வீடு கட்டியாச்சா?' வெளியூராருக்கு இது விசித்திரமாக இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழர்களும் முஸ்லிம்களும் தாய்வழியில் குடி (வம்சம்) பார்ப்பவர்கள். வீடு மகளுக்கு, கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கல்லும் சீமெந்தும் கடனும் மேசன் பிந்துவதும் இரண்டு பக்கத்துத் தாய்மாருக்கும் ஒரே தலையிடி. பத்து நிமிடம் போதாமல் போகும். சீதனம் கூடாது என்று பள்ளிவாசலில் பயான் (மார்க்க உரை) செய்கிறார்களே என்று ஒருவர் தொடங்கினாலும் விட்டுவிடுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் உள்ள வழக்குத்தான்.

முறை சொல்லிக் கூப்பிடுவதை இந்த நேரத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 'என்னெண்டு கூப்பிட?' என்று நேரே கேட்கலாம். ஒருவர் 'காக்கா' (முஸ்லிம் ஊரில் அண்ணன்) என்பார், ஒருவர் 'அண்ணன்' என்பார், 'ராத்தா' (அக்கா) என்று கூப்பிட்டால் போதும் என்பார் ஓர் அம்மா. வயதொத்தவர்கள் அரை மணித்தியாலத்தில் 'மச்சான்' ஆகிவிடுவார்கள். அமைப்பாளர்கள் சொற்களில் கவனமாக இருக்க வேண்டும். 'நம்மட ஆக்கள்', 'அவங்கட ஆக்கள்' என்று சொல்லக்கூடாது, ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். முஸ்லிம்களை 'இஸ்லாமியத் தமிழர்' என்று அழைப்பது தமிழகத்துப் பழக்கம். இங்கே அது உறவு கொண்டாடுவதாகக் காதில் விழாது, தங்கள் அடையாளத்தை இல்லாமல் செய்வதாகவே விழும். 'முஸ்லிம்' என்றே சொல்லுங்கள்.

சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல்

வடிகானைப் பற்றிக் கதைக்க வந்த இடத்தில் மாடு வரும், குப்பை வரும், பழைய கோபம் வரும். வரட்டும். ஒரே ஒரு சட்டம் வையுங்கள். ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம். பதில் சொல்ல விரும்புகிறவர் முதலில் அவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் 'ஓம், அதுதான்' என்ற பிறகே பதில். கேட்கச் சுலபம், செய்யக் கடினம். தமிழ் ஊர் வயல்காரப் பெண் ஒருவரும் முஸ்லிம் ஊர்க் காக்கா ஒருவரும் பேசினால் இப்படி இருக்கும்:

'போன போகம் கதிர் முத்துற நேரம் உங்கட பக்கத்து மாடு மூணு நாளா எங்கட வயலுக்க. காவலுக்கு ஆள் வைக்க எனக்கு வசதியில்ல.'

'அப்ப நீங்க சொல்றது, நாங்க மாட்டக் கட்டாம விட்டுட்டம் எண்டு.'

'இல்ல காக்கா. கட்டுறது ஒருபக்கம். அத ஆரிட்டப் போய்ச் சொல்றது எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரு ஃபோன் நம்பர் என்னட்ட இல்ல.'

'சரி. பயிர் அழிஞ்சது கவல. சொல்றதுக்கு ஆள் தெரியாமப் போனது அதவிடக் கவல. இதுதானே மகள்?'

'ஓம், அதுதான்.'

முதல் தடவை அவர் திருப்பிச் சொன்னது குற்றச்சாட்டை. அப்படியே பதில் சொல்லியிருந்தால், 'எங்கட மாடெண்டு எப்படித் தெரியும்?' என்று போயிருக்கும். இரண்டாம் தடவையில் கேட்டது வேறு, அதற்கான தீர்வும் உள்ளேயே இருக்கிறது: மாட்டுக்காரர் இரண்டு பேரின் இலக்கம். மாட்டின் காதுக்குறியைப் பார்க்கவும் வட்டவிதானையிடம் (வயல் பகுதிப் பொறுப்பாளரிடம்) முறையிடவும் போக முன்னர் முடிந்துவிடுகிற காரியம்.

இதில் வழமையாகப் பிழைக்கிற இடங்கள் உண்டு. திருப்பிச் சொல்கிறவர் கடைசியில் 'ஆனா' என்று சேர்ப்பார், அங்கேயே நிறுத்துங்கள். சிலர் மௌலவி போலவோ வாத்தியார் போலவோ நீட்டிப் பேசுவார்கள், கையில் மணிக்கூட்டோடு ஒரு பிள்ளையை இருத்துங்கள், பிள்ளை கை காட்டினால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். பெண்கள் பேசாமல் இருந்தால் 'நீங்களும் சொல்லுங்க' என்று பொதுவில் கேட்டு நெருக்காதீர்கள். தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு பெண்கள் அரைவட்டத்திலிருந்து முதலில் தொடங்குங்கள், அது போதும்.

தொண்ணூறு வரும்போது

1990 இன் கொலைகளைப் பற்றிய பேச்சு எப்படியும் வரும். பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தில், வயதான ஒருவர் வாயிலிருந்து. 'எங்கட மகனக் கொண்டுபோனது இந்த வீதியாலதான்' என்று தொடங்கும்.

நிறுத்தாதீர்கள், 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று சொல்லாதீர்கள், மூன்று நிமிடச் சட்டத்தையும் அப்போது விட்டுவிடுங்கள். அவர் முடிக்கட்டும். அடுத்து மற்றப் பக்கத்திலிருந்து 'எங்களுக்கும் நடந்ததுதானே' என்று ஒரு குரல் எழும். அதற்குப் பின்னால் இருப்பதும் உண்மையான துக்கம். ஆனால் அந்த நொடியில் அது தராசுத் தட்டில் வைக்கிற பதிலாகிவிடும், எண்ணிக்கைச் சண்டை தொடங்கும். அமைப்பாளர் சொல்ல வேண்டியது: 'உங்களுக்கும் நேரம் தாறம். இப்ப இவர் சொன்னதை ஒருக்கா இருந்து கேப்பம்.' ஒரு நிமிடம் அமைதியாக இருங்கள். அந்த ஒரு நிமிடம் மிக நீளமாகத் தெரியும். பிறகு மற்றவர் சொல்லட்டும், அவரும் முடிக்கட்டும். யாரும் மன்னிப்புக் கேட்கவோ கொடுக்கவோ சொல்லக்கூடாது. அங்கே இருக்கிறவர்கள் செய்தவர்களுமல்ல, செய்தவர்களின் பிரதிநிதிகளுமல்ல.

அன்றைக்கு வடிகானுக்குத் திரும்பிப் போக முயலாதீர்கள். தேத்தண்ணி கொடுத்து, கூட்டத்தை முடியுங்கள். சொன்னவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள், மறுநாள் இரண்டு அமைப்பாளரும் சேர்ந்து போய்ப் பாருங்கள். படமோ ஒலிப்பதிவோ அன்று ஒன்றுமே வேண்டாம். தொலைபேசியை ஒருவர் உயர்த்துவதைக் கண்டால் எழுந்து போய் மெதுவாகச் சொல்லுங்கள்.

சிங்களக் கிராமமும் சேரும்போது

அம்பாறையில் இது சாதாரணம். வாய்க்கால் ஒன்றே, பாஷை இரண்டு. இங்கே நேரத்தை இரட்டிப்பாக எடுங்கள், இரண்டரை மணித்தியாலக் கூட்டத்தில் ஒரு விஷயம்தான் முடியும். மொழிபெயர்ப்பவர் கூட்டத்தில் கருத்துச் சொல்லாத மூன்றாம் ஆளாக இருக்க வேண்டும். பேசுகிறவர் இரண்டு வசனத்துக்கு ஒருதரம் நிறுத்த வேண்டும். 'கொஞ்சம் சிங்களம் தெரியும்' என்கிறவரை நம்பி விடாதீர்கள்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் நடந்தது இதற்குச் சாட்சி. ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் கண்ட கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கூட்டம் கூடியது. சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் சுற்றி நின்று கேட்ட கேள்விக்கு 'ஓம்' என்று சொன்னது வீடியோவாகப் பரவியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாக்கட்டி. பயத்தில் இருக்கிறவர் விளங்காத கேள்விக்கு 'ஓம்' என்றுதான் சொல்வார். ஆகவே முக்கியமான எதையும் 'விளங்குதா?' என்று கேட்டு முடிக்காதீர்கள். 'நாம என்ன முடிவெடுத்தம், நீங்க ஒருக்கா சொல்லுங்க' என்று அவரவர் பாஷையில் சொல்ல வையுங்கள்.

தாளும் மண்வெட்டியும்

இரண்டாவது கூட்டத்தின் முடிவில், அல்லது தொண்ணூறு குறுக்கே வந்திருந்தால் மூன்றாவதில், ஒரு பக்கத் தாள் எழுத வேண்டும். என்ன வேலை, எந்த நாள், யார் என்ன கொண்டுவருவது, யாரைக் கூப்பிடுவது. இரண்டு பிரதி, ஊருக்கு ஒன்று. 'ஒத்துழைப்புடன் செயற்படுவோம்' போன்ற வசனம் வந்தால் வெட்டிவிடுங்கள். வடிகான் பிரதேச சபைக்கோ வீதி அதிகார சபைக்கோ சொந்தமாக இருக்கும், ஒரு கடிதத்தை இரண்டு ஊரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். மண் ஏற்றும் உழவு இயந்திரத்தைச் சபையிடம் அப்போதே கேட்கலாம். இரண்டு ஊரின் ஒப்பமும் ஒரே தாளில் வருவது அந்த மேசைக்கு அரிது, சற்று அசையும்.

வேலை நாளில் சோடி மாற்றாதீர்கள். முதல் கூட்டத்தில் வீட்டைப் பற்றிப் பேசிய அதே இருவர், ஒருவருக்கு மண்வெட்டி, ஒருவருக்குத் தாச்சி. கணுக்கால் அளவு மண்டி கிடக்கும் கானில் இருபது பேர் காலை மூன்று மணித்தியாலத்தில் ஏறக்குறைய எண்பது, நூறு மீற்றர் முடிப்பார்கள். அதற்கு மேல் திட்டமிட்டால் பாதியில் நிற்கும், பாதியில் நின்ற வேலை யாருடைய பக்கத்தில் நின்றது என்று பேச்சு வரும். ஆகவே எல்லையின் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சம தூரம் போங்கள். எடுத்த மண்ணை எவருடைய படலைக்கு முன்னாலும் குவிக்க வேண்டாம். கையுறையும் சப்பாத்தும் இல்லாதவரை இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வயல் ஊர்களில் வருவதுதான்.

காசு கூடியவரை தொடாமல் இருப்பது நல்லது. வேண்டியிருந்தால் இரண்டு ஊரும் சம பங்கு போட்டு, செலவுத் துண்டை இரண்டு ஊர்க் கடைகளிலும் ஒட்டிவிடுங்கள். நிறுவனம் ஏதாவது உதவ முன்வந்தால் பதாகையும் ரீசேட்டும் இல்லாமல் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், இந்த முறை வேண்டாம் என்று சொல்லலாம்.

நாலு தொலைபேசி இலக்கம்

இத்தனை பாடும் பட்டது கடைசியில் இதற்குத்தான். ஊருக்கு இரண்டு பேர், ஓர் ஆண், ஒரு பெண், அந்த நால்வரின் இலக்கமும் 24 பேரின் தொலைபேசியிலும் பெயரோடு பதியப்பட்டிருக்க வேண்டும். பதிந்ததை அந்த இடத்திலேயே ஒருதரம் அடித்துப் பாருங்கள். பிழையான இலக்கம் தேவைப்படுகிற இரவில்தான் தெரியவரும்.

சண்டை, விபத்து, பிள்ளை காணவில்லை, கோயில் சிலை, பள்ளிவாசல் கல்லு என்று எது வாட்ஸ்அப்பில் வந்தாலும், அனுப்புவதற்கு முன் மற்ற ஊர் ஆளுக்கு ஒரு அழைப்பு. அவர் பதினைந்து நிமிடத்துக்குள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் 'தெரியாது, பாத்துக்கொண்டிரிக்கன்' என்று சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் அதை ஒப்புதல் என்று எடுப்பார்கள். கேட்டது பொய் என்று தெரிந்தால் எழுத்தில் மறுப்பை விட இரண்டு பேரும் சேர்ந்து பேசிய குரல் செய்தி கெதியாக நம்பப்படும், குரலை ஊரார் அறிவார்கள். விஷயம் உண்மையென்றால் மறைக்காதீர்கள், அளவைக் கூட்டாமல் சொல்லுங்கள், பொலிசுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

இரண்டு பேருக்கிடையிலான பணம், வேலி, ஏச்சுப் பேச்சு போன்ற வழக்கு வந்தால் இந்த 24 பேரைத் தீர்ப்புச் சொல்ல இருத்தாதீர்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபை இருக்கிறது, ஊரில் இணக்கசபை என்பார்கள். சட்டத்தரணி தேவையில்லை. ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். சோடியாக வந்து பக்கத்தில் இருந்துகொடுப்பது மட்டும் உங்கள் வேலை.

நால்வரையும் வருசத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கல்யாணம் முடித்து ஊர் மாறுவார்கள், கட்டாருக்குப் போவார்கள், சிம் மாறும். புதியவர் வந்ததும் பழையவர் அவரை மற்ற ஊருக்குக் கூட்டிப்போய் மூன்று வீட்டிலாவது தேத்தண்ணி குடிக்க வைத்துவிட்டு விலகட்டும். அடுத்த மாரிக்கு முன்னர், செப்டெம்பர் நடுவில், கானை மறுபடி பார்க்க வேண்டும். இம்முறை கௌபி அவிப்பது மற்ற ஊர்.